ஊட்டிக்குக் காய் கொண்டு போனேன்

ஊட்டிக்குப் போகிறவர்கள் திரும்பி வரும்போது கேரட்டும் பட்டாணியும் மூட்டை கட்டிக்கொண்டு வருவார்கள். நான் போகும்போதே மூட்டையோடு போனேன். ஒரு சீப்பு வாழைக்காய், மடி நிறைய அவரைக்காய், பாகற்காய், கத்தரிக்காய், பூசணிக்காயில் பாதி, எல்லாவற்றுக்கும் மேலே சுருட்டி வைத்த வாழையிலை. அத்தனையும் சிறுமுகையில் எங்கள் தோட்டத்தில் காய்த்தவை.

மேட்டுப்பாளையத்தில் ஊட்டி பஸ் ஏறியதும் கண்டக்டர் மூட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மா, ஊட்டிக்கே காய் கொண்டுபோற ஆளை இன்னைக்குத்தான் பாக்கறேன். அங்க கெடைக்காத காயா?"

"அங்க கெடைக்காத காய்தானுங்க."

"சரி, காலுக்குக் கீழ வெச்சுக்குங்க. வளைவுல உருண்டா நான் பொறுப்பில்லை."

தை அமாவாசைக்கு அம்மாவுக்குப் படையல் போட வேண்டும். அதற்குத்தான் இந்தப் பயணம். எங்கள் குடும்பத்தில் இறந்தவர்களுக்குப் படைக்கும் இலையில் நாட்டுக்காய் மட்டுந்தான் வைப்போம். கேரட், பீன்ஸ், கோசு, பட்டாணி எல்லாம் இங்கிலீஷ் காய். மற்ற நாளில் நானும் பேரப்பிள்ளைகளுக்குச் செய்து போடுகிறவள்தான். ஆனால் படையலுக்கு ஆகாது. அம்மா அப்படித்தான் நடத்தினாள். அவளுக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான்.

எங்களுக்குக் கூடப்பிறந்த ஆண்பிள்ளை இல்லை. நானும், ஊட்டி மலைமேல் கட்டிக்கொடுத்த தங்கச்சி சரசுவும் மட்டும். அம்மா போன பிறகு ஒரு வருஷம் என் வீட்டில், மறு வருஷம் சரசு வீட்டில் என்று சேர்ந்து படையல் போட்டு வந்தோம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவள் முறை வந்தபோது இலையில் கேரட் பட்டாணிப் பொரியல் இருந்தது.

"அம்மாவுக்குப் புடிக்குங்க்கா," என்றாள்.

"எனக்குத் தெரியாததா? இந்தக் காயெல்லாம் ஆகாதுன்னு அம்மா என்ற முகத்துக்கு நேரா சொல்லியிருக்கறா. அவ எலையில இதை வெக்க உனக்கு எப்படி மனசு வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன். அவள் புருஷன் வீட்டுச் சனம் எல்லாம் நின்றுகொண்டிருந்தது. நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் மலை இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் மேலே போட்டாள், நான் கீழே போட்டேன். கல்யாணம் காட்சியில் பார்த்தால் சுகம் விசாரிப்போம். அவ்வளவுதான்.

இந்த மார்கழி கடைசியில் அவளாகவே போன் செய்தாள். "எனக்கும் அறுவத்தஞ்சு ஆச்சு. ரெண்டு பக்கம் ரெண்டு எலை போட்டா அம்மா எங்கீன்னுதான் வருவா? நீ வா. நீயே சமை. உன்ற காயவே கொண்டா."

எனக்கு எழுபத்திரண்டு. இதை இந்தத் தடவை நேராக்காவிட்டால் பிறகு நேராக்க ஆள் இருக்காது என்று தெரிந்துதான் பஸ் ஏறினேன்.

பர்லியாரில் டீ குடிக்க நிறுத்தினார்கள். நான் இறங்கவில்லை, மூட்டைக்குக் காவல் இருந்தேன். இருந்தும் ஜன்னல் வழியாக ஒரு குரங்கு கையை விட்டு இரண்டு வாழைக்காயை உருவிக்கொண்டு போய்விட்டது. கடித்துப் பார்த்தது, துவர்ப்பு பிடிக்காமல் கீழே எறிந்தது, மறுபடியும் என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பக்கத்து சீட்டில் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே வந்த சென்னைப் பெண் அப்போதுதான் முதல்முறையாகச் சிரித்தாள்.

குன்னூர் தாண்டியதும் தேயிலை. சரசுவுக்குக் கல்யாணமாகி அவளை நடுவட்டத்துக்கு அனுப்பியபோது இதே வழியாகத்தான் லாரியில் போனோம். மாப்பிள்ளை பொன்னுசாமி அங்கே தேயிலை ஃபேக்டரியில் வேலை. சரசுவுக்குப் பதினெட்டு வயது, ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கம்பளி. அம்மா வளைவுக்கு வளைவு திரும்பிக் கீழே பார்த்துக்கொண்டே வந்தாள், திரும்பும் வழியை மனப்பாடம் செய்கிறவள் போல.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் நின்றால் மலை தெரியும். பனிக்காலத்தில் காலை வெயில் பட்டதும் நீலமாக நிற்கும். அம்மா சாணி தெளித்துவிட்டு அதைப் பார்த்து நிற்பாள். "சின்னவ இப்பத்தான் அடுப்புப் பத்த வெச்சிருப்பா," என்பாள். அப்பா போன பிறகு ஒவ்வொரு வருஷமும் மார்கழி, தை இரண்டு மாதமும் சரசுவோடு இருக்கக் கிளம்பிவிடுவாள். பனிக்காலத்தில் எதற்கு அங்கே போகிறாய் என்றால், "புள்ள தனியா கெடக்கறா," என்பாள். திரும்பி வந்த அன்று என் கத்தரிக்காய்க் குழம்பைப் பிசைந்து தின்றுவிட்டு, "அப்பாடா, இங்கிலீஷ் காயாத் தின்னு நாக்கே செத்துப்போச்சு கண்ணு. அதெல்லாம் எனக்கு ஆகறதில்லை," என்பாள். அந்த ஒரு பேச்சுக்காகவே வாசலைப் பார்த்து இரண்டு மாதம் காத்திருப்பேன்.

பொன்னுசாமி வேலையிலிருந்து நின்ற பிறகு தலைகுந்தாவில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டார்கள். ஊட்டியில் பஸ் மாறிப் போய் இறங்கினேன். இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள்.

"வாங்கக்கா. பயணம் சௌரியந்தானுங்களா?" என்று மாப்பிள்ளை மூட்டையை வாங்கிக்கொண்டார்.

சரசு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஸ்வெட்டர் எங்கீ?"

"எனக்கு வேண்டாம்."

"வேண்டாமா? இரு, பொழுது எறங்கட்டும்," என்றாள். பொழுது இறங்கியது. அவளுடைய பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டேன். அதில் பூண்டு வாசம் அடித்தது.

அன்று நூல்கோல் குழம்பு, முள்ளங்கிப் பொரியல், கொதிக்கக் கொதிக்க ரசம். அந்தக் குளிரில் சோறு தட்டில் விழுந்து நாலு வாய்க்குள் ஆறிவிடுகிறது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. பத்து மணிவரை, ஊட்டிக்குப் போய் என்ன வாங்க வேண்டும், யாருக்குப் பெண் பிறந்தது என்று சுற்றிச் சுற்றிப் பேசினோம். அம்மா பேச்சை மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இரண்டாம் நாள் மூட்டையை அவிழ்த்துப் பார்த்தால் எனக்குத் திக்கென்றது. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று சரசு அதை அடுப்போரம் வைத்திருந்தாள். அனலில் அவரைக்காய் துவண்டிருந்தது. இலை ஓரம் சுருண்டிருந்தது.

எங்கள் ஊரில் காய் வாடாமல் இருக்க ஒரு வழி உண்டு. சாயங்காலம் முற்றத்தில் ஈரச் சாக்கை விரித்து, அதில் காயைப் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட வேண்டும். மார்கழி, தைப் பனியில் ஒரு ராத்திரி கிடந்தால் அப்போதுதான் செடியிலிருந்து கிள்ளியது போல எழுந்து நிற்கும். சந்தைக்குக் காய் போடுகிற எல்லோரும் அப்படித்தான் செய்வோம். நான் சாக்கை நனைத்தேன்.

"அக்கா, இங்க வெளியில வெக்காத. உள்ள எடு," என்றாள் சரசு.

"பனியில இருந்தாத்தான் காய் நிக்கும்."

"இது உங்க ஊர்ப் பனியில்லைக்கா."

"பனியில என்னடி உங்க ஊரு, எங்க ஊரு? அம்பது வருசமா காய் பாக்கறவ நான். எனக்குச் சொல்லித் தர்றயா?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். அன்றைக்கு அவள் என்னோடு சண்டை போட்டிருக்க வேண்டும். சண்டை வந்துவிடக் கூடாதென்றுதான் விட்டுவிட்டாள். நான் இலை, பூசணி உட்பட எல்லாவற்றையும் வரிசையாகப் பரப்பித் தண்ணீர் தெளித்துவிட்டுப் படுத்தேன்.

காலையில் கதவைத் திறந்தால் யாரோ உப்பை வாரி இறைத்தது போல இருந்தது. புல், வேலி, கூரைத் தகரம், நாய்த்தட்டு, எல்லாம் வெள்ளை. பார்க்க அவ்வளவு அழகு. என் சாக்கின் மேலும் வெள்ளை. விரலால் தொட்டேன். அவரைக்காய் கண்ணாடித் துண்டு போல விறைத்திருந்தது. மாப்பிள்ளை குழாயின் மேல் வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தார், உள்ளே தண்ணீர் உறைந்து கிடந்ததால்.

"இப்பத் தெரியாதுங்கக்கா," என்றார் மெதுவாக. "வெயில் படட்டும்."

வெயில் பட்டது. என் கண்ணெதிரே இலை கறுத்தது. அவரையும் பாகலும் வேகவைத்தது போலக் கொழகொழவென்று ஆயின. வாழைக்காய்த் தோல் சுட்டுக் கரிந்தது போலானது. ஒன்றை அரிந்து பார்த்தேன், உள்ளேயும் தவிட்டு நிறம். பூசணியை அழுத்தினால் தண்ணீர் வந்தது.

சரசு என் பின்னால் வந்து நின்றாள். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவள் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "எந்திரிக்கா. உச்சிக்குள்ள படைக்கோணும். ஏழரை பஸ்ஸைப் புடிச்சா கடைவீதியில பாத்தர்லாம்," என்றாள்.

ஊட்டிக் கடைவீதியில் கீழ்நாட்டுக் காய் விற்கிற கடைக்காரர் கையை விரித்தார். "வாழைக்கா, பூசணி எல்லாம் நேத்து சாயங்காலமே முடிஞ்சுதுங்கம்மா. அமாவாசை இல்லீங்களா? லாரி வர மத்தியானம் ஆகும்." இன்னும் இரண்டு கடையில் கேட்டோம். அதே பதில். பூக்கடையில் நாலு இலை மட்டும் கிடைத்தது.

"உழவர் சந்தைக்குப் போலாம்," என்றாள் சரசு.

"அங்க என்ன இருக்கப் போகுது?"

"வந்து பாரு."

நான் பார்த்த சந்தைகளில் அது வேறு மாதிரி. குரல் பெரிதாக இல்லை. பேசுகிறவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. கழுவிய கேரட் செக்கச்செவேல் என்று அடுக்கியிருந்தது. தழையோடு முள்ளங்கி, மண்ணோடு உருளைக்கிழங்கு, பனிக்கு வைக்கோல் மூடிய கோசு. ஒரு நாட்டுக்காய் இல்லை.

மூலையில் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிய ஒரு படகர் இனக் கிழவி பட்டாணிக் குவியலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பெயர் மாதி. சரசுவுக்குப் பழக்கம். இரண்டு பேரும் படக பாஷையில் பேசத் தொடங்கினார்கள். கிழவி என் பக்கம் கையைக் காட்டிக் காட்டிப் பேசினாள். சரசு தரையைப் பார்த்தாள்.

"என்ன சொல்றா?"

"ஒண்ணுமில்லை. நீ அம்மா மாதிரியே இருக்கறயாம்."

"அதுக்கு இத்தன நீளமா? முழுசும் சொல்லு."

சரசு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னாள். "அம்மா பனிக்காலத்துல என்னோட சந்தைக்கு வந்தா, இவ பக்கத்துல இந்தச் சாக்கு மேலதான் உக்காருவாளாம். பச்சைப் பட்டாணிய உரிச்சு உரிச்சு வாயில போட்டுக்குவாளாம். கொண்டாந்ததுல பாதி அம்மா தின்னதுன்னு சொல்றா. ஊருக்குக் கெளம்புற அன்னைக்கு இவ அம்மா முந்தானையில கொஞ்சம் முடிஞ்சு குடுப்பாளாம். பஸ்ஸுலயே தின்னு முடிச்சரோணும், பெரியவ ஊட்டுக்குக் கொண்டுபோக முடியாதுன்னு அம்மா சொல்லுவாளாம்."

கிழவி தலையை ஆட்டினாள். பாஷை புரியாவிட்டாலும் ஒரு பிடி பட்டாணியை என் கையில் வைத்து மூடினாள்.

நான் அந்தப் பட்டாணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என்னிடம் நாக்கு செத்துப்போச்சு என்று சொன்னவள். அந்தப் பேச்சை நம்பித்தானே ஒன்பது வருஷம் இவளை விட்டு ஒதுங்கி இருந்தேன்.

"என்கிட்ட வேற மாதிரி சொன்னாளே சரசு," என்றேன். "உன்ற ஊட்டுச் சோத்தப் பத்தி வந்து வந்து குத்தம் சொல்லுவா."

சரசு என்னை ஒரு தினுசாகப் பார்த்தாள். "இங்க வந்தா என்ன சொல்லுவா தெரியுமா? 'பெரியவ ஊட்டுல பத்து மாசமும் கத்தரிக்காய் கண்ணு. அந்த வெயிலும் அந்தக் கத்தரிக்காயும். இங்க வந்தாத்தான் எனக்கு சோறு எறங்குது.'"

"என்ற கத்தரிக்காயையா?"

"உன்ற கத்தரிக்காயையேதான்."

"கள்ளி," என்றேன்.

"ரெண்டு ஊட்டுலயும் நல்லாத் தின்னுருக்கறாக்கா," என்றாள் சரசு. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. நடுச்சந்தையில் இரண்டு கிழவிகள் ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு சிரித்தோம். கேரட் விற்கிறவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தராசைச் சரி செய்துகொண்டார், தன்னைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று நினைத்து.

சிரிப்பு அடங்கிய பிறகும் எனக்கு மனசு ஒப்பவில்லை. படையல் படையல்தானே. "ஆனாலும் நாட்டுக்காய் ஒண்ணுகூட இல்லாம எப்படி?" என்றேன்.

சரசு இந்தத் தடவை வாயை மூடவில்லை. "இந்த மண்ணுல மொளைச்சு, இந்தப் பனிய வாங்கிக் காய்க்குது. நாப்பத்தேழு வருசமா நான் இதத்தான் தின்னு உசுரோட இருக்கறேன். எனக்கு இது நாட்டுக்காய்தான். நீ வேண்டாம்னா வெறுஞ் சோறும் பருப்பும் வெச்சுப் படைக்கலாம். நீ சொல்லு."

நான் குனிந்து பட்டாணி பொறுக்க ஆரம்பித்தேன். காயை அழுத்திப் பார்த்து, உள்ளே மணி நிறைந்ததாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன். "கேரட்டு சின்னதா வாங்கு. பெருசுல நடுத்தண்டு இருக்கும்," என்றேன் அவளிடம்.

வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இரண்டு பேரும் அடுப்படியில் நுழைந்தோம். சட்டியில் பருப்பு வைத்தேன். கொதிக்கிறது, ஆனால் வேகவில்லை. மலைமேல் தண்ணீர் சீக்கிரம் கொதித்து ஏமாற்றுகிறது. "குக்கர்ல போடுக்கா, இல்லீன்னா சாயங்காலந்தான்," என்றாள் சரசு. போட்டேன். நூல்கோலும் உருளைக்கிழங்கும் போட்டுக் குழம்பு, பீன்ஸ் கூட்டு, வடை, வெல்லப் பாயசம். கடைசியாகக் கேரட் பட்டாணிப் பொரியல். அதை நானே செய்கிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

படையல் சமையலை வாயில் வைத்துப் பார்க்கக் கூடாது. முதல் ருசி அவர்களுக்கு. உப்பு, காரம் எல்லாம் கைக்கணக்குத்தான். என் கை உப்பில் தவறியது இல்லை என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தேங்காய்ப்பூ தூவி இறக்கிவிட்டு இலை கழுவ வெளியே போனேன்.

அம்மா படத்துக்கு முன்னால் இலை போட்டோம். மாப்பிள்ளை சூடம் காட்டினார். சரசு ஒரு பிடி சோற்றில் எல்லாவற்றையும் வைத்துக் கூரைமேல் போட்டாள். குளிருக்கு உடம்பை உப்பிக்கொண்டு ஒரு காக்கை வந்தது. வடையைத் தூக்கியது. பொரியலைக் கொத்திவிட்டு, தலையை உதறிக்கொண்டு பறந்துவிட்டது.

சரசுவின் முகம் விழுந்துவிட்டது. "பொரியல வேண்டாமுன்னுட்டாளாக்கா?"

"வடை இருக்கறபோது பொரியல் யாருடி திம்பாங்க? வா, நம்ம உக்காரலாம்," என்றேன்.

மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். மாப்பிள்ளை முதல் வாய் வைத்தார். மெல்லுவதை நிறுத்தினார். சரசுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் மெல்ல ஆரம்பித்தார். நான் பொரியலை எடுத்து வாயில் வைத்தேன். கடல் தண்ணீரை அள்ளி வைத்தது போல இருந்தது.

சரசு இன்னும் சாப்பிடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோற்றில் பிசைந்து முழுங்கினேன். "பொரியலுக்கு உப்புப் போட்டயா?" என்று கேட்டேன்.

"போட்டனே. நீ எலை கழுவப் போனப்ப. படையலுக்கு இதைப் புதுசாச் செய்யற, மறந்துருப்பீன்னு."

"நானும் போட்டுட்டுத்தான் போனேன்."

அவள் ஒரு வாய் எடுத்து வைத்துப் பார்த்தாள். கண் இரண்டும் விரிந்தது. "அய்யோ, எடுத்தர்றேங்க்கா," என்று என் இலைக்குக் கையை நீட்டினாள்.

"இருக்கட்டும். அம்மா எலையில வெச்சது."

மாப்பிள்ளை தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு பேரு போட்ட உப்புங்கக்கா. ஒரு ஆளு சோத்துல அடங்காது. சோத்துச் சட்டிய இங்கயே கொண்டாரச் சொல்லுங்க."

சரசுவுக்குப் புரையேறியது. அவள் தலையைத் தட்டிவிட்டு நானே எழுந்து போய்ச் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து நடுவில் வைத்தேன். பொரியல் கொஞ்சம், சோறு நிறைய என்று பிசைந்து, சட்டி காலியாகும்வரை சாப்பிட்டோம். அன்று பொழுது சாய்கிறவரை மூன்று பேரும் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தோம்.